கம்பவுண்டர் அடுக்கிய டப்பாக்கள்

கம்பவுண்டருக்கு முட்டை வேக ஒன்பது நிமிடம். எட்டரையும் கிடையாது, ஒன்பதேகாலும் கிடையாது. தண்ணீர் கொதித்ததும் முட்டையைக் கரண்டியில் வைத்து இறக்குவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டால், பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்த கை அது. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் தெருவில் அவருக்குக் கம்பவுண்டர் என்றுதான் பெயர்.

மனைவி இருந்தவரை சமையலறையில் அவருக்குத் தெரிந்த ஒரே இடம் தண்ணீர்க் குடம் இருந்த மூலை. அவள் போன பிறகு நாலு வருஷமாகத் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார். ஒரு ஆளுக்கு அரிசி எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மில்லி, எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ‘ஒரு சிட்டிகை உப்பு’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருடைய சிட்டிகை என்று கேட்பார்.

இப்போது மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு மாதம் இருந்து பாருங்கள், பிடித்தால் அந்த வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரரும் முப்பதாம் தேதிக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார். வேறொருவர் குடிவரத் தயாராக நின்றார். இங்கே இருந்துவிட வேண்டும் என்று கம்பவுண்டருக்குக் கொள்ளை ஆசை. தனியாக உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, மில்லி கணக்கில் வெந்த சாதத்தைச் சாப்பிட்டு அவருக்கு அலுத்துவிட்டது. ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பதை மருந்து கொடுத்தே வாழ்ந்தவருக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வீட்டு ஆளாக இருப்பதென்றால் இருக்கலாம். விருந்தாளியாக எத்தனை நாள் இருப்பது?

அந்த வீட்டில் சமைப்பது மாப்பிள்ளை. மகள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். மாப்பிள்ளை பதினாலு வருஷம் தொலைதூர லாரி ஓட்டி, இடுப்பு ‘போதும்’ என்று சொன்ன பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் பகலும் ராத்திரியும் அடுப்படி அவருடையது.

அந்தச் சமையலைக் கம்பவுண்டர் முதல் நாள் கதவோரம் நின்று பார்த்தார். தீ எப்போதும் முழுசாகத்தான் எரிய வேண்டும். பாத்திரம் ஒன்றே ஒன்று. அலமாரியில் பதினோரு பால்மாவு டப்பாக்கள், எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் பெயர் இல்லை, பாதிக்கு மூடியும் இல்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கண் சட்டியில் இருக்கும், வாய் பக்கத்து அறையில் இருக்கிற பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருக்கும், இடது கை மட்டும் தானாகப் போய் டப்பாவுக்குள் நுழைந்து அள்ளிக்கொண்டு வரும். ரோட்டைப் பார்த்தபடி கியர் போட்ட கை. அளவும் கிடையாது, ருசி பார்ப்பதும் கிடையாது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சாப்பாடு நன்றாகவே இருந்தது. அதுதான் கம்பவுண்டருக்கு இன்னும் எரிச்சல்.

மகளுடைய பழக்கம் வேறு மாதிரி. அடுப்பைக் கடந்து போகும்போதெல்லாம் தீயைக் குறைத்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளை ஏற்றுவார். அவள் குறைப்பாள். உடனே சண்டை பிடித்துக்கொள்ளும். “இது அடுப்பா, அகல் விளக்கா?” என்று அவர் கத்த, “வீட்டைக் கொளுத்தத்தான் உங்களக் கட்டிக்கிட்டேனா?” என்று அவள் கத்த, தெருமுனை வரை கேட்கும். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள்.

இதெல்லாம் கம்பவுண்டர் கேட்டது கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான். அவர் உள்ளே தலையை நீட்டினால் சண்டை சட்டென்று அடங்கிவிடும். “வாங்கப்பா, உக்காருங்க” என்பாள் மகள். “டீ போடவா மாமா?” என்பார் மாப்பிள்ளை. அவரும் விடாமல் ஏதாவது செய்துதான் பார்த்தார். கரண்டியைக் கழுவினார், மேடையைத் துடைத்தார், சாதத்துக்கு இன்னும் அறுபது மில்லி தண்ணீர் வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளையிடமிருந்து ஒரே பதில்தான்: “பரவால்ல மாமா.” அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். மரியாதை என்ற பெயரில் மனிதனை வாசலிலேயே நிறுத்தி வைக்க முடியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை, அவர் முடிவு செய்துவிட்டார். திரும்பிப் போய்விட வேண்டியதுதான். மறுநாள் மகளோடு வேலை பார்க்கிற நாலு பெண்கள் சாப்பிட வருகிறார்கள். அந்தக் கலகலப்பு முடியட்டும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

போகிறவர் சும்மா போயிருக்கலாம். இத்தனை நாள் சோறு போட்டவர்களுக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டுப் போவோமே என்று தோன்றியது. மாப்பிள்ளை வேனை சர்வீசுக்கு விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கம்பவுண்டர் பதினோரு டப்பாவையும் காலி செய்து, கழுவி, ஜன்னலில் வெயில் காட்டி, துடைத்து, மறுபடி நிரப்பினார். ஒவ்வொன்றிலும் மருந்துப் புட்டிக்கு எழுதுவதுபோல முத்து முத்தாகப் பெயர் எழுதி ஒட்டினார். பிறகு அகர வரிசையில் அடுக்கினார். உப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, சீரகம், தேயிலை, இப்படியே மிளகுத்தூள் வரைக்கும். தூர நின்று பார்த்தபோது கண் நிறைந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்தச் சங்கு பதினோரு டப்பாவாக அங்கே வரிசையில் நின்றது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வரும்போதே ரொட்டி வாங்கி வந்துவிட்டார். மறுநாள் காலை டீயைக் கம்பவுண்டரே போட்டார். மகள் அலமாரியைப் பார்த்து, “மருந்துக்கடை மாதிரி அழகா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பெருக்கப் போய்விட்டாள். மாப்பிள்ளை கண்ணில் அது படவே இல்லை. அவர் எந்தக் காலத்தில் அலமாரியைப் பார்த்தார்?

பகல் பன்னிரண்டுக்குப் பெரிய சட்டியில் இரண்டு கோழி வெந்துகொண்டிருந்தது. தீ முழுசாக எரிந்தது. கம்பவுண்டர் வாசற்படி ஓரம் முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பக்கத்து அறையைப் பார்த்து, “நாற்காலி பத்துமா? மாடி வீட்டுல ரெண்டு கேளேன்” என்று கத்தியபடியே இடது கையை நீட்டினார். கை மூன்றாவது டப்பாவுக்குள் போனது. ஒரு பிடி, இன்னொரு அரைப்பிடி. சட்டியில் விழுந்தது.

சர்க்கரை.

கம்பவுண்டரின் கத்தி நின்றது. காரத்துக்கு ஈடுகட்டச் சிலர் போடுவார்கள் போலிருக்கிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். கை மறுபடி போனது. ஐந்தாவது டப்பா. நன்றாகக் குவித்து இரண்டு பிடி. ‘தேயிலை’ என்று அவர் கையால் எழுதிய எழுத்து அவரைப் பார்த்தது. அவர் பாதி எழுந்துவிட்டார். வாயும் பாதி திறந்துவிட்டது. எதற்கு? ‘பரவால்ல மாமா’ என்று இன்னொரு தரம் கேட்பதற்கா? சாயங்காலம் விடைபெறப் போகிறவன், வந்த இடத்தில் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்? லாரிக்காரர்களின் கைப்பக்குவம் நமக்கு என்ன தெரியும்? உட்கார்ந்து கிழங்கை நறுக்கினார். இந்தத் தடவை துண்டுகள் ஒரே அளவாக விழவில்லை.

கால் மணி நேரம் கழித்து மகள் தீயைக் குறைக்க வந்தாள். மூடியைத் தூக்கினாள்.

“என்னங்க இது, டீக்கடை வாசனை அடிக்குது?”

கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தவள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. கரண்டியைப் புருஷனிடம் நீட்டினாள். ஆயுளில் முதல் முறையாக மாப்பிள்ளை தன் சமையலை அடுப்பிலேயே ருசி பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தார். உப்பு எங்கே நிற்கிறது, சர்க்கரை எங்கே நிற்கிறது, எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது.

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு, வரப்போகிற இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

“மாமா! என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க?”

அது கூரை அதிரும் குரல்.

“பேரு எழுதி ஒட்டினேன்...”

“ஓடுற வண்டியில பிரேக்கையும் கிளட்சையும் இடம் மாத்தி வச்சிட்டு, மேல பேரு எழுதி ஒட்டினா போதுமா?”

“ஒட்டியிருந்தா படிக்கணும் மாப்பிள்ளை.”

“படிச்சுக்கிட்டா வண்டி ஓட்ட முடியும்? சரி, இங்கதானே உக்காந்திருந்தீங்க. நான் டீத்தூள அள்ளும்போது பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?”

“வந்த எடத்துல, உங்க சமையல்ல நான் எப்படி...”

“வந்த எடமா!” மாப்பிள்ளை கரண்டியை மேடையில் ஓங்கி வைத்தார். “இருபத்து மூணு நாளா பெரியவராச்சேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன் மாமா. நான் கரண்டியக் கீழ வச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள கழுவிக் கவுத்திடுறீங்க. ஒரு சமையலுக்கு ஏழு கரண்டி எடுக்குறேன். ஏழு! லைட்டரத் தேடுனா கத்தியோட சேத்து டிராயருக்குள்ள வச்சிருக்கீங்க. இதெல்லாம் பண்ணுறப்ப வந்த எடம்னு தெரியல, கோழியில டீத்தூள் விழுறப்பதான் தெரிஞ்சுதா? நம்ம வீட்டுக் கோழிதானே மாமா அது!”

கம்பவுண்டருக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வெட்கம் இருந்தது, குற்ற உணர்ச்சி இருந்தது, பொய் சொல்வானேன், அதற்கெல்லாம் மேலே சந்தோஷம்தான் இருந்தது. அவர் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நீங்க மட்டும் என்ன ஒழுங்கு? மூடியப் போட்டா கை தேஞ்சா போயிடும்? பதினோரு டப்பாவும் வாயப் பொளந்துகிட்டு நிக்குது. ஊர் எறும்புக்கெல்லாம் இங்கதான் பந்தி! தீய இப்படி வச்சா கோழி வேகாது, கருகும்!”

நாலு வருஷமாக அவர் குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்துவதற்கு வீட்டில் எதிரே ஒரு ஆள் வேண்டாமா? இப்போது அந்தக் குரல் எங்கிருந்தோ திடமாக வந்தது. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் அவளுக்காக நிறுத்தவில்லை.

“அப்பா, மணி பன்னண்டரை. ஒரு மணிக்கு அவங்க வந்துடுவாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சமையல் என்று சொல்வதா, சண்டை என்று சொல்வதா தெரியவில்லை. சட்டியைக் கவிழ்த்தார்கள். கோழியைத் துண்டு துண்டாக வெந்நீரில் அலசினார்கள். மாப்பிள்ளை வெங்காயத்தை முழுத் தீயில் வதக்கினார். உப்பைக் கம்பவுண்டர் கரண்டியால் அளந்து போட்டார். “இன்னும் ஒரு பிடி” என்றார் மாப்பிள்ளை. “யாரு பிடி?” என்றார் கம்பவுண்டர். மிளகுத்தூளுக்கு இடது கை வழக்கமான இடத்துக்குப் போனபோது மாமனார் அதை வழியிலேயே மடக்கிப் பிடித்தார். கோழி போதாமல் போனால் என்ன செய்வது என்று பத்து முட்டையை வேக வைத்தார்கள். ஒன்பது நிமிடம் என்றார் ஒருவர். முட்டை என்ன பரீட்சையா எழுதுகிறது என்றார் மற்றவர். இதற்கிடையில் வாசலில் செருப்புச் சத்தம், பெண்கள் குரல், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. இருவர் காதிலும் அது ஏறவில்லை.

மகள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்! வெளிய விருந்தாளிங்க உக்காந்திருக்காங்க!”

கம்பவுண்டர் கையில் கரண்டியோடு நின்றார். பிறகு கதவை ஒரு விரல்கடை திறந்து எட்டிப் பார்த்தார். நாலு பெண்கள் வரிசையாக, மடியில் கையை வைத்துக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்வதற்காகப் புன்னகையோடு காத்திருந்தார்கள். பாவம் என்று தோன்றியது அவருக்கு.

கோழியில் லேசாக ஒரு இனிப்பு இருக்கத்தான் செய்தது. வந்தவர்களில் ஒரு பெண் அதை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கம்பவுண்டர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஒன்றாம் தேதி வந்து சாமான்களை எடுத்துக்கொள்வதாகவும், வேறு ஆளைக் குடிவைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர் அந்த வீட்டுக்காரர். அவசரப்பட வேண்டாம், யோசித்துச் செய்யுங்கள் என்றார். மாப்பிள்ளை மரியாதையாக நடத்துகிறாரா என்றும் கேட்டார்.

“அத ஏன் சார் கேக்குறீங்க!” என்றார் கம்பவுண்டர், அடுத்த அறைக்குக் கேட்கும்படி நல்ல உரத்த குரலில். “இன்னைக்கு என்னை நிக்க வச்சுத் திட்டினாரு பாருங்க ஒரு திட்டு, என் பொண்டாட்டிகிட்டகூட நான் அப்படி வாங்கினதில்ல.”