கையை மறித்தால் ரெண்டு கரண்டி

எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘போதும்’தான். நான் ஞானபூரணம். சங்கரன்கோவிலில் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் வாயில் ‘சத்துணவு டீச்சர்’. சோறு குழைந்தாலும் என்னைத்தான் சொல்வார்கள், முட்டை சின்னதாக இருந்தாலும் என்னைத்தான் சொல்வார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. ஒரு கரண்டி விழுந்ததும் போதும் என்று தட்டை இழுத்துக்கொள்கிற பிள்ளையைக் கண்டால்தான் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

மூன்றாம் வகுப்பு கோகிலா அப்படிப்பட்டவள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை. அப்பா இசக்கிப்பாண்டியும் அம்மாவும் ஆடு வளர்க்கிறவர்கள். ஊர் ஊராகப் போய், வயலில் ஆடுகளை மடக்கிக் கிடை போட்டு, அங்கேயே படுத்துக் கிடப்பார்கள். மகளாவது படிக்கட்டும் என்று இங்கே சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். பிள்ளை மெலிந்துகொண்டே வருவதைப் பார்த்து நான் அந்தச் சித்தியைச் சந்தேகப்பட்டதும் உண்டு. கூப்பிட்டுக் கேட்டேன். தறிக்குப் போய்ச் சம்பாதிக்கிற பாவப்பட்ட பெண். போட்டால் வேண்டாம் என்கிறாள், நான் என்ன செய்யட்டும் என்று கண்கலங்கினாள். பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பசி இல்லை என்றால் விட்டுவிடலாம். அவளோ ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்காது.

போன தடவை இசக்கிப்பாண்டி வந்தபோது மகளைப் பார்த்து முகம் செத்துப்போனார்.

“எலும்பும் தோலுமா இருக்கா டீச்சர். படிப்பு கெடக்கட்டும். அடுத்த தடவ வரும்போது எங்கூடவே கூட்டிட்டுப் போயிருதேன்.”

ஆட்டுக்குப் பின்னால் போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தலைமையாசிரியர் விஜயராஜ் சாரை ஜப்பான் பிடித்தது. ஏதோ பயிற்சிக்குப் போனவர் போன் நிறைய வீடியோவோடு திரும்பினார். பின்லாந்தில் எல்லாப் பிள்ளைக்கும் மதியச் சாப்பாடு இலவசமாம். நம்ம ஊரிலும் இலவசம்தானே சார் என்றேன். ஜப்பானைப் பாருங்கள் என்றார். அங்கே பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி, ஒரு சத்தம் கிடையாது, எல்லாருக்கும் அளவாக ஒரே மாதிரி. நம் பிள்ளைகளும் அப்படிப் பழக வேண்டும் என்றார். ஜப்பான்காரனுக்குச் சாம்பார் சாதத்தின் சூடு தெரியாது என்று வாதாடினேன். கடைசியில், ஆறின சோற்றைச் சின்ன வாளியில் மாற்றி, சமையல்காரி ஆறுமுகத்தாய் கூடவே நடக்க, பிள்ளைகள் போடட்டும் என்று முடிவாயிற்று.

தொப்பியெல்லாம் வாங்கிவிட்டார். அது பிள்ளைகளின் மூக்குவரை இறங்கியது. ஆனால் நம் பிள்ளைகள் எங்கே ஜப்பானைக் கண்டார்கள்? கல்யாணப் பந்தியைத்தான் கண்டிருக்கிறார்கள். வாளி கைக்கு வந்ததும் ஆளாளுக்குப் பெண் வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். போதும் என்றால் ஒரு கரண்டி, கையை மறித்தால் ரெண்டு கரண்டி. ஒரே கூச்சல். ஆறுமுகத்தாய் ஒவ்வொரு கரண்டியையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. விஜயராஜ் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஒரு வியாழக்கிழமை கோகிலாவின் முறை வந்தது. மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் தொப்பியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு வாளியை வாங்கினாள். கேட்டால்கூடக் குரல் வராத பிள்ளை, “வெக்கப்படாம சாப்பிடுங்க, வெக்கப்படாம சாப்பிடுங்க” என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டே போனாள். ஒண்ணாம் வகுப்புப் பொடியன் ஒருவனுக்கு முட்டையைப் பிட்டுக்கூடக் கொடுத்தாள். எல்லாருக்கும் போட்டு முடித்து, தன் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

ஒரு கரண்டி போட்டுவிட்டு அந்தச் சொல்லுக்காக நின்றேன். வரவில்லை. இன்னொன்று போட்டேன். தட்டு அப்படியே நீண்டிருந்தது. மூன்றாவதையும் போட்டேன்.

சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன். “ஏட்டி, இம்புட்டு நாளும் ஏன் ஒத்தக் கரண்டியோட எந்திரிச்ச?”

“அடுத்தவங்க வீட்டுல ஒரு தடவைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருக்கு.”

“இன்னைக்கு மட்டும் வாங்குன?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். “இன்னைக்கு நாந்தான டீச்சர் போட்டேன்.”

அவள் சொன்னது நியாயம்தான். பந்தியில் பரிமாறுகிறவர்கள் வீட்டு ஆட்கள், உட்கார்ந்திருப்பவர்கள் விருந்தாளிகள். இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை எங்களிடமும் சித்தியிடமும் விருந்தாளியாகவே இருந்திருக்கிறாள். அன்று சாயங்காலமே தறிப்பட்டறைக்குப் போய்ச் சித்தியிடம் சொன்னேன், ராத்திரி கரண்டியை அவள் கையில் கொடு என்று. அதற்கப்புறம் வாளி கையில் இல்லாத நாளிலும் கோகிலா தட்டை நீட்டினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது.

இசக்கிப்பாண்டி மறுபடி வந்தபோது சாப்பாட்டு நேரம். மகளின் துணிமணியை எடுத்துப்போக ஒரு கட்டைப்பை கொண்டுவந்திருந்தார். அன்று கோகிலாவின் முறை. அப்பாவைக் கண்டதும் வாளியோடு கேட்டுக்கு ஓடினாள். எப்போதும் அவரை ‘நீ, வா’ என்றுதான் பேசுவாள். அன்று, “வாங்க, வாங்க, உக்காருங்க” என்றாள்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பெரியவர்களுக்குச் சோறு கிடையாது என்பது விதி. விஜயராஜ் சாரும் என்னைப் பார்த்தார். “அது என் பங்கு சார்” என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

வரிசையின் கடைசியில் அப்பாவை உட்காரவைத்து, தட்டு வைத்து, ஒரு கரண்டி போட்டாள். “போதும் தாயி” என்றார். இன்னொன்று போட்டாள். அவர் தட்டுக்கு மேலே கையை மறித்தார்.

“கைய எடுங்கப்பா. நம்ம வீட்டுல என்ன வெக்கம்?”

அவர் கையை எடுத்தார். குனிந்த தலை நிமிராமல், தோள் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். மகள் வாளியைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றாள். எனக்கும் அழுகை வந்தது. வந்தால் என்ன, அழுதேன்.

தட்டை அவரே கழுவி வைத்தார். கட்டைப்பையைச் சின்னதாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “வாரேன் டீச்சர்” என்றார்.

எப்போது என்று கேட்டேன்.

“அவ முற வரும்போது” என்றார்.

எனக்கு அன்று மதியம் பட்டினி. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரிக்கு அதெல்லாம் சகஜம்தான்.