பெர்னார்டுக்கு லேப்டாப் ஆகாது

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் புளுகிலிருந்து பிறந்தது. 2008-இல் பெங்களூரின் பைக் பைத்தியங்கள் கூடும் ஓர் இணைய அரட்டைக் களத்தில் நான் பெர்னார்ட் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன். நிஜப் பெயர் உத்தமன். (சிரிக்காதீர்கள், அப்பா வைத்தது.) ஊர் கரூர், பெங்களூர் மர்பி டவுனில் வாடகை வீடு, சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. என்னிடம் பைக் கிடையாது. ஓட்டவும் தெரியாது. பஸ்ஸில் போகிறவன், ஆனால் பைக்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன்.

உத்தமன் எழுதியபோது ஈ காக்காகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "பெங்களூர் அடுகோடியில் ரொம்ப காலமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் பெர்னார்ட்" என்று ஓர் ஆளை உருவாக்கினேன். ஒரே வாரத்தில் 'பெர்னார்ட் சார்', 'குருவே' என்றெல்லாம் கும்பிடு. ஒருத்தர் "எனக்கு அவரோடு பத்து வருஷப் பழக்கம்" என்றே எழுதினார். அதைப் படித்தபோதே நான் பயந்திருக்க வேண்டும். மடையன், சந்தோஷப்பட்டேன்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "அடுகோடியின் தகரக் கூரைகள் மேல் மாலை வெயில் மெல்ல —"

வேண்டாம். அந்த வெயிலை நான் பார்த்ததே இல்லை. நேராகக் கேள்விக்கு வருகிறேன்.

வித்யாலட்சுமி என்ற பெண் கேட்டிருந்தார். பைக்கின் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருக்கிறார், அதிலிருந்து வண்டி திக்குகிறது. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற எலக்ட்ரானிக் ட்யூனர் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். சந்தையில் இரண்டு வகை. ஒன்றை லேப்டாப்பில் மாட்டினால், அந்த சைலன்சருக்கென்றே தயாராக இருக்கும் அளவுகளை அதுவே ஏற்றிக்கொள்ளும். இன்னொன்றில் மூன்று குமிழ்கள், கையால் திருக வேண்டும். எதை வாங்கட்டும், பெர்னார்ட் சார்?

படித்தவனாக எனக்கு பதில் தெரியும்: லேப்டாப் பெட்டி. தப்பு நடக்க வழியே இல்லை. ஆனால் பெர்னார்ட் அப்படிச் சொல்வாரா? நான் அவருக்கு அறுபது வயதும் கிரீஸ் படிந்த நகமும் நரைத்த மீசையும் கொடுத்திருந்தேன். அந்த ஆள் லேப்டாப்பைத் திறந்தால் யார் நம்புவார்கள்? ஆக, ஒரு பெண்ணின் வண்டிக்கு எந்தப் பெட்டி என்பதை நான் மீசையை வைத்து முடிவு செய்தேன். "லேப்டாப் எல்லாம் ஆபீஸுக்கும்மா. குமிழ் வச்சதையே வாங்கு." வாங்கிவிட்டார்.

3

பத்து நாள் கழித்து மறுபடி கேட்டார். "ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், வெளேரென்று இருக்கிறது. பச்சைக் குமிழைக் கூட்டவா, குறைக்கவா?" பச்சைக் குமிழ் என்பது, வேகமாகப் போகும்போது எவ்வளவு பெட்ரோல் என்பதற்கு.

எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்று எழுத எத்தனை நேரம் ஆகும், சொல்லுங்கள்! ஆனால் ஒரு வாக்கியம் வந்து வாசலில் நின்றுவிட்டது: "கூட்ட யார் வேணாலும் கூட்டலாம், குறைக்கத் தெரிஞ்சவன்தான் மெக்கானிக். ரெண்டு புள்ளி குறை." என்ன மிடுக்கு! பதினோரு பேர் சபாஷ் போட்டார்கள்.

(இந்த வாக்கியத்தை இப்போதும் அடிக்க மனம் வரவில்லை. என் லட்சணம் இதுதான்.)

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெட்டியின் கையேட்டைப் புரட்டினேன். ப்ளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தமாம். கூட்ட வேண்டுமாம். குறைத்தால் இன்ஜின் கொதித்து, ஓடும்போதே பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளலாமாம்.

தயிர்சாத டப்பாவை அப்படியே விட்டேன். ஓடிப்போய்க் களத்தைத் திறந்தேன். வித்யாலட்சுமி ஒரு மணி நேரம் முன்னால் எழுதியிருந்தார்: "இன்று அடுகோடி போய் பெர்னார்ட் சாரை நேரிலேயே பார்த்தேன்! அவரே குமிழைத் திருகி செட் பண்ணிக் கொடுத்தார். நாளை காலை ஆறு மணிக்கு அவர் ஷெட்டிலிருந்தே கிருஷ்ணகிரி. வேகம் நூறுக்குக் கீழே இறங்குவதாக இல்லை."

நேரில் பார்த்தாராம். ஐயோ, யாரை?

"தப்பாச் சொல்லிட்டேன், வண்டியை எடுக்காதே" என்று பெர்னார்டாகவே எழுதினேன். ராத்திரி வரை பார்த்தேன், வித்யாலட்சுமி களத்துக்குள் வரவே இல்லை.

4

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி புறப்பட்டு, ஒசூர் ரோட்டில் —

அடித்துவிட்டேன். எழுதவே கை வரவில்லை. இன்னொன்றில் அடுகோடி ஆள் ஒரு மோசடிக்காரன், போலீஸ் வருகிறது. அதில் எனக்குத் தப்பித்துக்கொள்ள வசதி இருந்தது, அதனால் அதையும் அடித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை விடியற்காலையிலேயே ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டே அடுகோடிக்குப் போனேன். 'பெர்னார்ட் மோட்டார் வொர்க்ஸ்' என்று துருப்பிடித்த போர்டு. நான் புளுகிய பெயர், நிஜப் போர்டில். வாசலில் கறுப்பு வண்டி, கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் ஐம்பது வயது ஆள். மீசையே இல்லை.

"நீங்க... பெர்னார்டா?"

"ஆமா சார். போர்டுல கீதே."

"பச்சைக் குமிழை எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். என் கையைப் பிடித்து ஷெட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவா பேசு சார். நெட்டுல என் பேர்லயே ஒருத்தரு கீறாரு, பெரிய ஆளு. இப்ப வர்ற ஜனம் எல்லாம் நான்தான் அவருன்னு நெனச்சு வருது. இல்லன்னு சொல்ல வாய் வரல. அவரு எழுதறதை என் பொண்ணு பிரின்ட் எட்த்துக் குடுக்குது, பாத்துப் பாத்து செய்றேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். என் வாக்கியம். கிரீஸ் விரலால் அடிக்கோடு.

"அது தப்புங்க," என்றேன். "கூட்டணும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எனக்கும் அப்டித்தான் சார் தோணிச்சு. ப்ளக் வெளுத்தா பெட்ரோல் கூட்டணும், இருபத்திரண்டு வருஷமா அதான் செய்றேன். ஆனா அவரு குறைன்னு எழுதிக்கிறாரே. எலக்ட்ரானிக்ல கணக்கு வேறயா இருக்கும்னுட்டு குறைச்சிட்டேன். அவ்ளோ பெரிய ஆளு தப்பா சொல்வாரா?"

படிக்கிறவர்களே, கேளுங்கள். பைக் ஓட்டத் தெரியாத ஒருவன் அழகுக்காக எழுதிய ஒரு வரியை நம்பி, இந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷத் தொழிலைப் பொய் என்று நினைத்திருக்கிறார்.

வெளியே வண்டி உறுமியது.

5

ஓடிப்போய் சாவியைப் பிடுங்கிவிட்டேன். வித்யாலட்சுமி ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். "ஹலோ! யாரு சார் நீங்க? சாவியைக் குடுங்க."

உத்தமன் என்றால் யார் மதிப்பார்கள்? நான்தான் பெர்னார்ட் என்றால், இருபத்திரண்டு வருஷமாக அந்தப் போர்டின் கீழே நிற்கிற ஆளின் பெயர் போய்விடும். பின்னால் அவர் தாளைப் பிடித்துக்கொண்டு, தன் ரகசியத்தைச் சொல்லாதே என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாவியைப் பெர்னார்டின் கையில் வைத்தேன். "பெர்னார்ட் சார், அந்தத் தாளை விடுங்க. உங்க கை என்ன சொல்லுது? இவங்க அப்படியே போகலாமா?"

அவர் சொல்ல வேண்டிய அடுத்த வரி எனக்குத் தயாராக இருக்கிறது. கேட்டால் பதினோரு பேர் சபாஷ் போடுவார்கள். எழுதமாட்டேன். இத்தனை நாள் பெர்னார்ட் என்ன பேச வேண்டும் என்று நான்தான் முடிவு செய்துவந்தேன், போதும். நீங்களும் அவருக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் ஒருமுறை சாவியைப் பார்த்தார், ஒருமுறை அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.