லிப்ராதா வீட்டுக்கு வந்த நாற்காலிகள்

இலவச இணைய வகுப்பில் சேர்ந்தவர்கள் பாதியில் படிப்பை விட்டால், அவர்கள் உட்கார்ந்து படித்த நாற்காலி அன்றைக்கே பராகுவேயின் சான் ஹெர்வாசியோவில் லிப்ராதாவின் முற்றத்துக்கு வந்துவிடும். புள்ளியியல் வகுப்பு அது. உலகம் முழுக்க அறுபதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். முதல் வாரத்தில் முற்றம் நிரம்பியது, இரண்டாம் வாரத்தில் நாற்காலிகள் தெருவை அடைத்தன. அவற்றில் உட்கார்ந்தவருக்கு, சொந்தக்காரர் எந்தப் பாடம் வரை படித்தாரோ அதுவரை தெரிந்துவிடும். பெரும்பாலோர் இரண்டாம் பாடத்தைத் தாண்டாதவர்கள் என்பதால் ஊரில் எல்லோருக்கும் சராசரி எடுக்கத் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பாதிரியார் ஊரின் பாவங்களுக்குச் சராசரி எடுத்துப் பிரசங்கம் செய்தார். சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் கொஞ்ச நாள் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

லிப்ராதா மட்டும் விடவில்லை. சான்றிதழ் வந்தால் யெர்பா இலை ஆலையில் தரம் பார்க்கும் வேலை. வராவிட்டால் அதே ஆலையில் ஆயுசுக்கும் மூட்டை தைக்க வேண்டியதுதான். கடைசித் தேர்வை எழுதி முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: விடைத்தாளைக் கடைசிப் பாடம் வரை வந்த சக மாணவர்கள் மூவர் திருத்த வேண்டும், ஞாயிறு மாலைக்குள். சக மாணவர் என்று ஒரு ஈ காக்கை கூட மிச்சமில்லை. பேராசிரியருக்கு எழுதினாள், சக மாணவர்களைக் கேட்கும்படி எந்திரம் பதில் போட்டது.

"விட்டுத் தொலைடி லிப்ரா," என்றாள் அண்ணன் மனைவி சுனில்தா. "எங்களுக்கு நடக்க வழியாவது கிடைக்கும்."

"விட்டா மூட்டைதான் அண்ணி. ஒவ்வொண்ணா உட்கார்ந்து பாருங்களேன். கடைசி வரைக்கும் வந்தவங்க மூணு பேராவது இருக்க மாட்டாங்களா?"

ஊரே உட்கார்ந்து எழுந்தது. ஞாயிறு மதியம் பாதிரியாருக்கு ஒன்றும் கசாப்புக்காரர் சிரிலோவுக்கு ஒன்றும் அகப்பட்டன. மூன்றாவது, ஒட்டுப் போட்ட ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்த சுனில்தா அழத் தொடங்கினாள்.

"இவளுக்குப் பாடம் புரியாம இல்லடி. கடைசி வாரத்துல குழந்தை பிறந்திருக்கு. பாவி மக, பிரசவ வலியிலயும் கணக்குப் போட்டிருக்கா."

மூவரும் நாற்காலிக்காரர்கள் பெயரிலேயே திருத்தினார்கள். அறுபது எடுத்தால் தேர்ச்சி. சுனில்தா அறுபத்தொன்று போட்டாள், நாத்தனார் என்று அரை மதிப்பெண் கூட்டவில்லை. ஆனால் மாணவிக்கு நன்றி என்று எழுதினால்தான் மதிப்பெண் ஏறும் என்றிருந்தது. மூவரும் கையை எடுத்துவிட்டார்கள். நடுவில் எல்லோரும் முறைவைத்துக் குடிக்கும் தெரெரே பானக் கொம்பு சுற்றிக்கொண்டிருந்தது, யெர்பா இலையும் ஐஸ் தண்ணீருமாக. அந்த வட்டத்தில் ஒருவர் நன்றி என்றால் போதும் என்று அர்த்தம். அன்றைக்கு அவருக்கு அப்புறம் ஊற்ற மாட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதிரியார் வானத்தைப் பார்த்தார், சிரிலோ தன் செருப்பைப் பார்த்தார்.

"என் நாக்கு வறண்டா வறளட்டும்," என்று சுனில்தா முதலில் எழுதினாள். "நீங்க என்ன சாமி, ஊருக்கெல்லாம் தியாகம் சொல்லிக் குடுக்கிறீங்க. எழுதுங்க."

எழுதினார்கள். கொம்பு அன்று மாலை வரை மூவரையும் தாண்டித் தாண்டிப் போனது.

லிப்ராதா ஆலையில் தரம் பார்க்கச் சேர்ந்தாள். படிப்பை முடித்த ஒரே ஆள் என்று வகுப்புப் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டார்கள். அடுத்த வாரம் சுனில்தா முக்காலியில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கையில், அது அடியிலிருந்து காணாமல் போனது. தொப்பென்று மண்ணில் விழுந்தாள்.

"திரும்பப் படிக்க வந்துட்டா போல," என்று பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நல்லா இருக்கட்டும்."

பிறகு வேறொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மிச்சக் கிழங்கை உரித்தாள்.