ஐந்தாவது ஏன்

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் விமல்ராஜ் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒன்பது நாள் ஜப்பான் போனார். உடம்பு மட்டும்தான் ஓசூருக்குத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவர் எதையும் ஒரு தடவை மட்டும் கேட்பதில்லை. எந்தக் கோளாறுக்கும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் மூல காரணம் தானாக வெளியே வந்து கைகட்டி நிற்கும் என்று அங்கே யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருந்ததற்கு ஒருமுறை ஐந்து ஏன் கேட்டார். மூல காரணம் பருவமழை பொய்த்தது என்று கண்டுபிடித்தார். பருவமழைக்கு மெமோ கொடுக்க முடியாததால் கோப்பை மூடினார். சாம்பார் இன்றும் தண்ணிதான்.

சிப்காட்டில் இருக்கும் அந்தத் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்குள் போகிற எஃகு வளையங்களைச் செய்கிறது. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. அந்த வளையங்களைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கி வைப்பது சென்னம்மாவின் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். வயது நாற்பத்தேழு.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய். பெங்களூரில் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, நோய் திரும்பி வராமலிருக்க ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு டமாக்ஸிஃபென் மாத்திரை என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். ஒரு நாள் கூட விடக்கூடாது என்றார்கள். அந்த மாத்திரை பண்ணுகிற வேலையைப் பற்றி விவரமாகச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. உடம்பே சொல்லிக்கொடுத்தது. நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி கிளம்பும். கழுத்து, காது, உச்சி என்று ஏறும். இரண்டு நிமிடத்தில் ஜாக்கெட் முழுக்க நனைந்துவிடும். பிறகு குளிரும். ஒரு ஷிஃப்டுக்கு ஆறேழு தடவை. வீட்டில் கன்னடம், லைனில் தமிழ், அறிக்கையில் ஆங்கிலம், மூன்றிலும் வேர்த்தது.

“அக்காவுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் ஓடுதுடி,” என்பாள் பக்கத்து மேசை முனிலட்சுமி. “வெளிய வந்தா, காய்ச்சின வளையத்த மாதிரி எண்ணெய்ல முக்கி எடுக்கணும்.”

“உன்ன முக்கறன் வா மொதல்ல,” என்பாள் சென்னம்மா.

அவள் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். கோட்டுப் பையில் நான்கு ஜோடிக் காய்ந்த கையுறை. சூடு கிளம்புவது தெரிந்த உடனே வளையத்தைத் தட்டில் வைத்துவிட்டு, ஓரடி தள்ளி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். அடங்கியதும் கையைத் துடைத்து, புதுக் கையுறை மாட்டி, மறுபடி உட்காருவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிலிக்கான் மார்பு வேர்வையில் வழுக்கியதால் அதைப் பீரோவில் பூட்டிவிட்டு, இலவம்பஞ்சில் தானே ஒன்று தைத்து வைத்துக்கொண்டாள். ஏசி உதவியிருக்கலாம். ஆனால் ஏசிப் பொத்தானுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, சாவி விமல்ராஜின் இடுப்பில்.

நிர்வாகம் அவளைக் கவனிக்காமல் இல்லை. போன அக்டோபரில், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று, மனிதவளப் பிரிவு ரூபா ஒரு ரோஸ் கலர் கேக் வாங்கி வந்தாள். சென்னம்மாவுக்கு ரோஸ் ரிப்பன் குத்தி, ‘எங்கள் போராளி’ என்று தட்டியும் கட்டினாள். கத்தியைச் சென்னம்மா கையில் கொடுத்தார்கள். “இப்படிப் பிடிக்கணும், கேமராவுக்குத் தெரியற மாதிரி,” என்று விமல்ராஜ் அதைப் பிடுங்கி, கேக்கையும் தன் கட்டைவிரலையும் குறுக்காக வெட்டிக்கொண்டார். மூன்று தையல். போராளிதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். ஃபோட்டோ நோட்டீஸ் போர்டில் இன்னும் இருக்கிறது. கட்டு போட்ட விரலோடு விமல்ராஜ் நடுவில், சென்னம்மா ஓரத்தில் பாதி.

மே மாதம் புனே வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வளையம் திரும்பி வந்தது. அதில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்து, துருப்பிடித்திருந்தது. ஆதார் எடுக்கிற இடத்தில் கூட ரேகை அவ்வளவு தெளிவாக விழாது. ஆனால் அது யாருடைய விரல் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வேர்க்கிற ஆள் யார் என்றுதான் எல்லோருக்கும் ஏற்கனவே தெரியுமே.

செவ்வாய்க்கிழமை கூட்டம். விமல்ராஜ், குறிப்பெடுக்க ரூபா, லைன் சூப்பர்வைசர் கோவிந்தன், நடுவில் சென்னம்மா. மேசை மேல் துணி விரித்து அந்த வளையம், பிணம் மாதிரி.

“வொய் ஒன்,” என்றார் விமல்ராஜ். “ரிங் ஏன் துருப்புடிச்சுது?”

“வேர்வை பட்டிருக்கு சார்,” என்றாள் ரூபா.

“வொய் டூ. வேர்வை ஏன் பட்டுது?”

“க்ளவ் நனைஞ்சிருக்கும் சார்.”

“வொய் த்ரீ. க்ளவ் ஏன் நனைஞ்சுது?”

எல்லோரும் சென்னம்மாவைப் பார்த்தார்கள்.

“எனக்கு வேர்க்குது சார், இல்லங்கல. ஆனா வேர்க்கறப்ப நான் ரிங்கத் தொடறதில்ல. கோவிந்தண்ணன கேளுங்க.”

“ஆமாங்க சார்,” என்றார் கோவிந்தன். “கைய மேல தூக்கிக்கினு நிக்கும். நானே பாக்கறன் தெனமும்.”

“இன்னொண்ணு சார்,” என்றாள் சென்னம்மா. “இந்த வெரலு அகலத்துக்கு என் வெரலு ரெண்டு வேணும். நடுவுல கோடு வேற ஓடுது.”

“சைஸ், கோடெல்லாம் ஃபார்மேட்ல இல்லம்மா. ப்ராசஸ டிஸ்டர்ப் பண்ணாதீங்க. வொய் ஃபோர். உங்களுக்கு ஏன் வேர்க்குது?”

“மாத்திர சாப்பிடறன்ல, அதனால.”

“வெரி குட். வொய் ஃபைவ். ஏன் மாத்திரை?”

சென்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “சாவாம இருக்கறதுக்கு சார்.”

விமல்ராஜ் படிவத்தைப் பார்த்தார். ஐந்தாவது கட்டம் சின்னது. ‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதினார். கீழே மூல காரணம் என்ற இடத்தில் ‘மாத்திரை’. பொறுப்பு என்ற இடத்தில் ‘சென்னம்மா’. முடிக்க வேண்டிய தேதி: மாதக் கடைசி.

“நான் மெடிக்கல்ல தலையிடமாட்டேன்,” என்று ஆரம்பித்து நன்றாகவே தலையிட்டார். “ஆனா தினம் எதுக்கு? சண்டே சண்டே போட்டுக்கலாம்ல? மெஷினுக்கே மெயின்டெனன்ஸ் நாம வாரத்துக்கு ஒரு தடவைதான பண்றோம்? இல்லன்னா பேக்கிங் ஷெட்டுக்கு மாத்தறேன். அங்க வேர்த்தா யாருக்கும் நஷ்டமில்ல.”

பேக்கிங் ஷெட் என்பது தகரக் கூரை. மே மாதத்தில் அதற்குள் ஆரோக்கியமான ஆளே பாதியாகத்தான் வெளியே வருவான். சென்னம்மா அங்கே போனால் ஒரு வாரம் தாங்கமாட்டாள். அது அவருக்கும் தெரியும். தெரியவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

வீட்டில் கணவன் ராமப்பனிடம் சொன்னாள். அவன் யோசித்து யோசித்து, “ஒரு மாசம் நிறுத்திதான் பாரேன். ஜப்பான் எல்லாம் போய்ட்டு வந்த மனுசன், தெரியாமயா சொல்வாரு?” என்றான். சுந்தரமான கன்னடத்தில் சொன்னான். அவள் அதே கன்னடத்தில் அவனை வாயை மூடச் சொன்னாள். ஆனால் புதன்கிழமை காலை அட்டையைக் கையில் எடுத்தவள், அப்படியே கைப்பைக்குள் திரும்ப வைத்துவிட்டாள்.

மூன்று நாள் போடவில்லை. வேர்ப்பது குறையவும் இல்லை. பதினேழு மாதம் ஊறிய மருந்து, மேலாளர் சொன்னார் என்று மூன்று நாளில் இறங்கிப் போய்விடுமா? குறையாத வேர்வையோடு புதிதாக ஒரு பயமும் வந்தது. குளிக்கும்போது வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அக்குளைத் தடவிப் பார்த்தாள். வியாழக்கிழமை இரண்டு தடவை குளித்தாள். அட்டையை வீட்டில் வைக்க மனம் வராமல் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள், கொஞ்சம் தள்ளி நின்றாலும் கூடவே இருக்கட்டும் என்பது போல.

மூல காரணத்துக்கு ஆதாரம் கேட்டுப் புனேக்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். விமல்ராஜுக்குக் கொண்டாட்டம். ஆதாரத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது, பழைய சோதனை: சுத்தமான வளையத்தில் வெறும் விரலை அழுத்தி, ஈரக்காற்றுப் பெட்டிக்குள் ஒரு நாள் வைத்தால், யார் வேர்வை இரும்பைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். சிலர் வேர்வை அப்படி. கொட்டுகிற அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். சென்னம்மா ஆறாவது. அவள் முறை வரும்போது சரியாக அடுப்பு பற்றிக்கொண்டது. அழுத்தி எடுத்த விரலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“பாத்தீங்களா!” என்றார் விமல்ராஜ், மகன் பாஸான மாதிரி. ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. “மத்த அஞ்சு பேருமே சரியா அழுத்தல. இப்படி அழுத்தணும்.” சட்டைக் கையை மடித்து, ஏழாவது வளையத்தை எடுத்து, தன் கட்டைவிரலை அழுத்தி, மூன்று எண்ணி எடுத்தார். “ஜப்பான்ல இப்படித்தான்.”

கோவிந்தன் ஒரு சீட்டில் ‘7. மேலாளர்’ என்று எழுதி அந்த வளையத்தில் கட்டி, மற்ற ஆறோடு பெட்டிக்குள் வைத்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். எதை எப்போது கேட்காமல் செய்யவேண்டும் என்று தெரிந்தவர்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பெட்டியைத் திறந்தார்கள். முதல் ஐந்தும் சுத்தம். ஆறாவதில் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம். துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஏழாவதில் ஒரு கட்டைவிரல், ஜிலேபி நிறத்தில், சுழிசுழியாக. நடுவில் குறுக்காக ஒரு கோடு.

கோவிந்தன் புனேயிலிருந்து வந்த வளையத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே அகலம், அதே சுழி, அதே கோடு. கேக் வெட்டின கோடு.

முனிலட்சுமி மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது.

“ஏழாவது டெமோ பீஸ். கணக்குல வராது,” என்றார் விமல்ராஜ்.

“சார்,” என்றார் கோவிந்தன் பணிவாக, “மார்ச்சுல புனேக்காரங்க ஆடிட் வந்தப்ப, தட்டுலருந்து ஒண்ண எடுத்து அவங்களுக்குக் காட்னீங்களே. க்ளவ் இல்லாம. அந்த லாட் இது.”

“விசிட்டர் முன்னாடி க்ளவ் போட்டா ஆப்பரேட்டர் மாதிரி இருக்கும் கோவிந்தன்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

“அப்ப அஞ்சாவது கட்டத்துல என்ன சார் எழுதறது?” என்று சென்னம்மா கேட்டாள். “‘தனிப்பட்ட காரணம்’னே இருக்கட்டுங்களா?”

டீ நேரத்தில் கேன்டீன் மூலையில் நின்று பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ராஜாத்தி என்ற தருமபுரி நர்ஸ் எடுத்தாள்.

“மூணு நாளா? ஏன்க்கா விட்டீங்க? சரி, விட்டதச் சேத்துப் போடாதீங்க. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. வேர்க்கறது தாங்கலன்னா வாங்க, டாக்டர் அதுக்குத் தனியா எதாவது குடுப்பாரு. நீங்களா நிறுத்தக் கூடாது. யாரு நிறுத்தச் சொன்னது, அங்க எதாவது டாக்டரா?”

“டாக்டர் இல்லம்மா. ஜப்பான்.”

“என்னாதுக்கா?”

“ஒண்ணுமில்ல. வைக்கறன்.”

அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்று பையைத் திறந்தாள். அதற்குள் ரூபா ஓடிவந்தாள். “அக்கா, வாங்க வாங்க, ட்ரெய்னிங். பன்னண்டு மணிக்குள்ள ஃபோட்டோவோட புனேக்கு அனுப்பணும்.”

விமல்ராஜ் சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் புது அறிக்கை தயார். மூல காரணம்: ‘தொழிலாளர்களிடம் கையுறை குறித்த விழிப்புணர்வுக் குறைவு’. தீர்வு: பயிற்சி வகுப்பு. பயிற்சியாளர்: விமல்ராஜ்.

லைனிலேயே இருபத்திரண்டு பெண்கள் வெள்ளைக் கையுறை மாட்டி உட்கார்ந்தார்கள். வருடக்கணக்கில் கையுறை போட்டவர்களுக்கு, எந்த விரல் எந்த ஓட்டைக்குள் போகவேண்டும் என்று விமல்ராஜ் காட்டிக்கொண்டிருந்தார். ரூபா ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சுக்குழியில் பற்றிக்கொண்டது. சென்னம்மா எழுந்தாள். முன்னால் போய், மேசை மேல் அவர் இடுப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஏசியைப் பதினெட்டுக்கு வைத்தாள். சாவியை வைத்த இடத்திலேயே வைத்தாள். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, பையிலிருந்து அட்டையை எடுத்தாள். கையுறையோடு பிதுக்க வரவில்லை. கையுறையைக் கழற்றினாள்.

“சென்னம்மா, க்ளவ் ட்ரெய்னிங் நடக்குது. ஏன் கழட்டறீங்க?”

“மாத்திர போடறதுக்கு சார்.”

விமல்ராஜ் அடுத்த ஏனுக்கு வாயைத் திறந்தார். பின் வரிசையில் கோவிந்தன் லேசாகத் தொண்டையைச் செருமினார். வாய் மூடிக்கொண்டது.

சென்னம்மா மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு குடித்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு காய்ந்த ஜோடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“சொல்லுங்க சார்,” என்றாள். “கட்ட வெரல்ல நிறுத்தனீங்க.”