வியாழக்கிழமை எண்ணெய்

பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் எதுவும் சமையல் அல்ல, அது தவம். தவம் செய்தவர்கள் எவரும் நன்றாகச் சமைத்ததாகச் சரித்திரம் இல்லை. எர்னிஸ் தன் சமையல் வீடியோக்கள் அனைத்திலும், ஓரத்தில் கடிகாரம் ஓட, முகத்தில் சிரிப்பே இல்லாமல் இதை அறிவித்துவந்தான். நாரின் என்ற அந்த மலைநகரத்தில் மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பெண்களும் அவனுக்கு எதிரிகள். முதல் எதிரி அவன் அம்மா சாய்கால்.

அந்த அம்மாவின் தலையணையை உயர்த்திவிட்டு இப்போது ஸ்பூனை நீட்டிக்கொண்டிருந்தான்.

நான்கு நாளாக அவள் எதையும் விழுங்கவில்லை. ஏதாவது உள்ளே போனால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். பழைய ரொட்டியை முட்டையில் தோய்த்து வாட்டியது, கோப்பையில் வேகவைத்த கேக், துருவிய கேரட் கலந்த தயிர் என்று காலையிலிருந்து செய்த மூன்றும் தொடப்படாமல் ஆறிக்கிடந்தன. நான்காவது, பாலாடை சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு. ஏழு நிமிடம்.

"இன்னிக்கு வியாழக்கிழமைதானே?" என்றாள்.

"ஆமா. வாயைத் திற."

"எண்ணெய் வைக்கலியே. உங்கப்பா வாசனைக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு."

வியாழன்தோறும் வெயில் இறங்குமுன் ஏழு துண்டு மாவை, செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணெயில் போடுவாள். வாசனை போய்ச் சேரவேண்டும் என்று ஜன்னலைத் திறப்பாள். குளிர் உள்ளே வருகிறதென்று எர்னிஸ் மூடுவான்.

"உசுரோட இருந்தப்பவே அவருக்கு மூக்கடைப்பும்மா."

அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

"சரி, கடையில வாங்கிட்டு வந்து சூடு பண்றேன். வாசனை ஒண்ணுதானே?"

"அது யாரு பேரைச் சொல்லிப் போட்டதோ."

வாசலில் நின்றிருந்த அக்கா அய்ஜிரெக், போதும் விடு என்று கையைக் காட்டினாள். அவன் விடவில்லை.

"ஒரே ஒரு வாய் சாப்பிடு. நானே எண்ணெய் வைக்கிறேன்."

"நீயா?"

"நானேதான்."

அவள் வாயைத் திறந்தாள். தொண்டை ஏறியது, அங்கேயே நின்றது, வெகுநேரம் கழித்து இறங்கியது. எர்னிஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தாயா என்பதுபோல.

"எண்ணெய்..." என்றாள் அம்மா.

"இன்னும் ஒண்ணும்மா. அப்புறம் வைக்கிறேன்."

"டேய், சொன்னபடி போய் வைடா," என்றாள் அக்கா.

"சும்மா இரு அக்கா. சாப்பிடுறாங்கல்ல."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். மலை மேல் வெயில் இன்னும் இருந்தது. மறுபடி வாயைத் திறந்தாள்.

இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. அவன் காத்திருந்தான். ஸ்பூனை நீட்டியபடியே காத்திருந்தான். அய்ஜிரெக்தான் வந்து, அவன் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி வைத்துவிட்டு, அம்மாவின் வாயை விரலால் துடைத்தாள்.

மூன்று மணிக்கெல்லாம் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பிவிட்டது. அம்மாவை அதில் கிடத்தினார்கள். வழக்கப்படி, துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு முன்னால், கோலை ஊன்றி நின்று, பெற்றவளைச் சொல்லி உரக்க அழவேண்டியவன் மகன். மகனைக் காணவில்லை.

பக்கத்து வீட்டு புருல் சமையலறைக் கதவைத் திறந்தாள். எர்னிஸின் முழங்கைவரை மாவு. அடுப்பில் வாணலி. மேசையில் அம்மாவின் சால்வையால் மூடிய பாத்திரம்.

"அட, இதெல்லாம் பொம்பளைங்க வேலைடா, நாங்க பாத்துக்கறோம். வெளிய போய் நில்லு. பெத்த பிள்ளை எங்கேன்னு எல்லாரும் கேக்கறாங்க."

"மாவு இன்னும் பொங்கல அத்தை."

"எவ்வளவு நேரமாச்சு?"

"பாக்கல."

அவன் போன் மாவுப் பைமேல் குப்புறக் கிடந்தது. புருல் அதைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மலை மேல் வெயில் ஒரு முழம் மிச்சமிருக்கும்போது எண்ணெய் காய்ந்தது. முதல் துண்டை அப்பா பெயரைச் சொல்லிப் போட்டான். சுருசுருவென்று உப்பி மேலே வந்தது.

இரண்டாவது துண்டைக் கையில் எடுத்தான். போடவில்லை. கையெல்லாம் மாவாக இருந்ததால், முழங்கையால் தள்ளி ஜன்னலைத் திறந்தான்.