இரண்டு பக்கெட் புண்ணியம்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் அலங்கார மீன் கடை வைத்திருந்தேன். பத்துக்குப் பத்து இடம், பதினான்கு கண்ணாடித் தொட்டி. ஊரடங்கு போட்ட வருஷம் ஷட்டர் இறங்கியது. போலீஸ்காரரிடம் கெஞ்சி, இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்த் தீனி போட்டுவிட்டு வருவேன். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் மீன் சாகும். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், ஃபைட்டர் என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு தொட்டி காலியானது. கடைசியில் மிஞ்சியவை டேங்க் கிளீனர் மட்டும்தான். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, உடம்பெல்லாம் தகடு போர்த்திய கறுப்பு மீன், அது. முப்பத்தேழு இருந்தன.

இன்னொரு மீன் சாவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு பக்கெட்டில் அள்ளி, ஸ்கூட்டரில் வைத்து, திருக்கழுக்குன்றம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர் ஏரிக்குக் கொண்டுபோனேன். மதகுப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விட்டேன். கடைசி மீன் உள்ளே போனதும் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வருஷம் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்து, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

மீன் விற்றவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஒரு அடிக்கு மேல் வளரும் என்று தெரியும். ஏரியில் பெருகினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

எங்கள் ஏரியில் வலை போடுகிறவன் ஏசுதாஸ். காலனியில் வீடு. பத்தாம் வகுப்பு வரை எனக்கு ஒரே பெஞ்சு. மறைமலை நகரில் கம்பெனி ஷிஃப்ட் முடித்து வந்து வலையைத் தூக்குவான். அவன் மனைவி செல்லம்மா விராலை உயிரோடு அலுமினிய அண்டாவில் வைத்து ரோட்டோரம் விற்பாள். நான் மீனை விட்ட மறு வருஷம், ஏரியில் மீன் பெருகட்டும் என்று அவனே ஏதோ பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி வந்து விட்டான்.

அதற்கடுத்த வருஷம் அவன் வலையில் முதல் டேங்க் கிளீனர் சிக்கியது. அது துடுப்பு முள்ளை விரித்துக்கொண்டால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு வருஷம் போனது, வலை முழுக்க அதுதான். விரால் குறைந்தது, கெண்டை குறைந்தது, உளுவை கண்ணில் படவே இல்லை. கரையில் அது தோண்டிய பொந்துகள் வழியாகத் தண்ணீர் கசிந்தது. சாயங்காலம் கூட்டமாக வந்து இறங்கும் நீர்க்காகங்கள் வேறு ஏரி பார்த்துப் போய்விட்டன.

"ஏசுதாஸ் வுட்ட குஞ்சோடதான் இந்தச் சனியன் கலந்து வந்துகீது" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊர் உடனே நம்பியது. காலனிக்காரன் செய்தான் என்றால் எங்கள் தெருவுக்கு ஆதாரம் எதற்கு? அதைவிடக் கொடுமை, ஏசுதாஸும் அதை நம்பிவிட்டான்.

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். என் பெரியப்பா முத்துசாமிதான் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஊரு ஏரிய நாசம் பண்ணிட்டு நின்னுகினு கீறியே, இன்னாடா சொல்ற?" என்றார்.

ஏசுதாஸ் ஒன்றும் வாதாடவில்லை. நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தான். "நாந்தான் சரியா பாக்காம வுட்டுட்டேன். மன்னிச்சிடுங்க" என்றான். வாத்தியார் பிரம்பெடுத்தபோதுகூடத் தலை குனியாதவன். அவனுக்கு இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். எழுந்ததும் அவன் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன். "வுடு மச்சான்" என்றேன். அதற்குமேல் என் வாய் திறக்கவில்லை. இனி அவன் ஏரியில் வலை போடக் கூடாது என்று முடிவானது.

அதன் பிறகு இரண்டு வருஷம் அவன் டீ குடிக்கும் கடைப் பக்கம் நான் போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேனோ என்று பயம். சொல்லாமல் இருப்பேனோ என்று அதைவிடப் பயம்.

இந்த ஆனி மாதம் ஏரி முழங்கால் அளவுக்கு வற்றியது. டேங்க் கிளீனரை அள்ளிக் கரையில் போட்டு ஒழித்துவிடலாம் என்று ஊரே இறங்கியது. யாரும் கூப்பிடாமல் ஏசுதாஸும் வந்தான், பின்னாலேயே கூடையோடு செல்லம்மா.

"நா வுட்டது. நாந்தானே எடுக்கணும்" என்றான்.

வெயில் ஏறியதும் மற்றவர்கள் புங்கமரத்து நிழலுக்குப் போனார்கள். அவன் மட்டும் நிற்காமல் அள்ளிக்கொண்டிருந்தான், செல்லம்மா கூடையை ஏந்திக்கொண்டு கூடவே நின்றாள். முள் கிழித்து அவன் உள்ளங்கையெல்லாம் ரத்தம். நானும் தண்ணீரை விட்டு ஏறவில்லை. ஏற வெட்கமாக இருந்தது.

"தமிழு, இங்க வா" என்று கோரைப்புல் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டான்.

சேற்றில் ஒரு கூழைக்கடாப் பறவை கிடந்தது. தொண்டைப் பை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. டேங்க் கிளீனரை விழுங்கப் பார்த்திருக்கிறது, மீன் உள்ளே முள்ளை விரித்துவிட்டது. ஏசுதாஸ் அலகைப் பிரித்து, கையை விட்டு, மெல்ல மெல்ல இழுத்தான். மீன் வந்தது, வாலை அடித்துக்கொண்டு, நல்ல உயிரோடு. பறவை இரண்டு முறை இறக்கையை உதறியது. அப்புறம் அசையவில்லை.

"இந்தப் பாவமும் என் தலையிலதான் மச்சான்" என்றான். கண் கலங்கியிருந்தது.

"உன் தலையில இல்லடா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடை, ஷட்டர், இரண்டு பக்கெட், முப்பத்தேழு மீன், மதகுப் படியில் நான் போட்ட கும்பிடு வரைக்கும்.

அவன் கையில் மீன் துடித்துக்கொண்டே இருந்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நா மண்ணுல வுழுந்தப்போ நீ எங்க இருந்த?" என்று கேட்டான்.

"உன் பக்கத்துல."

"ஆமா. மண்ணு தட்டிவுட்ட." மீனைச் செல்லம்மாவின் கூடையில் போட்டான். "வா. அங்க வந்து சொல்லு."

புங்கமரத்தடியில் எல்லோரும் இருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பெரியப்பா சிரித்துவிட்டார்.

"அட, நம்ம தமிழா? வாயில்லா ஜீவன் சாவக் கூடாதுன்னு வுட்டுகீறான், பாவம். தெரியாம செஞ்சதுக்கு இன்னா பண்றது? வெயில்ல நின்னுகினு கீறானே, அவனுக்கு மோரு குடுங்கடா."

நாலைந்து பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். யாரோ ஒரு டம்ளர் மோரை நீட்டினார்கள். என் கை போய் வாங்கிக்கொண்டது.

"அவ்ளோதானா?" என்று செல்லம்மா கேட்டாள். யாரும் அவளையும் ஏசுதாஸையும் பார்க்கக்கூட இல்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி நடந்து, ஏசுதாஸ் முன்னால் விழ வேண்டும். செய்யாத தப்புக்கு அவன் விழுந்தான், செய்த தப்புக்கு நான் விழக் கூடாதா? பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என் முழங்கால் மடங்கவில்லை.

ஏசுதாஸ் காத்திருந்தான். எதற்குக் காத்திருந்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு செல்லம்மாவிடமிருந்து கூடையை வாங்கி என் காலடியில் வைத்தான்.

"நீ வுட்டது. நீ எடு" என்றான்.

இருவரும் கரையோடு காலனிப் பக்கம் நடந்தார்கள். மோர் டம்ளர் இன்னும் என் கையில் இருந்தது.