ஃபிராங்கியின் கைமீன்

"அந்த மீன்கட்டைச் சும்மா தொங்கவிடுங்க அத்தை. புகைக்குடிசை காலியாக் கெடந்தா வர்றவங்க எதைத்தான் பார்ப்பாங்க?"

டார்லா கேட்டதில் நியாயம் இருந்தது. எட்வினாவுக்கு அதுதான் எரிச்சல். யூகான் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கத் தடை வந்து சில கோடைகள் போய்விட்டன. தங்கள் ஆற்று வாழ்க்கையை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டியாவது பிழைப்போம் என்று ஊரே கூடி முடிவெடுத்து, பொறுப்பை அவளுடைய அண்ணன் மகள் டார்லாவிடம் கொடுத்திருந்தது. இன்று முதல் படகு. இதுவும் ஊற்றிக்கொண்டால், மிச்சமிருக்கிற இளவட்டங்களும் பட்டணத்துக்கு நடையைக் கட்டிவிடும்.

எட்வினாவிடம் இருந்தது ஒரே ஒரு கட்டு. செத்துப்போன புருஷன் ஃபிராங்கி தடைக்கு முன் கடைசியாகப் பிடித்து, அவள் கீறிப் புகைபோட்ட மீன். அடுத்த மாதம் அவனுக்கு நினைவு விருந்து. அவனைப் புதைக்கக் குழி தோண்டியவர்களுக்கு அவன் கைமீனைப் பரிமாறி, பாட்டுப் பாடி அனுப்பினால்தான் அவன் நிம்மதியாகப் போய்ச்சேருவான். அதற்காகவே ஒரு துண்டைக்கூட அவள் வாயில் வைக்கவில்லை.

"பார்க்க மட்டுந்தான்னு சொல்லிடுடி."

"சொல்லிடறேன், கவலைய விடுங்க."

சொன்னாளோ மறந்தாளோ, வந்தவர்களில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எட்வினாவிடமே வந்தார்.

"ரொம்ப நாள் ஆசைம்மா. ஒரு துண்டு கிடைக்குமா?"

"அது வந்து சார்..." என்று டார்லா இழுத்தாள். எட்வினா கையமர்த்தினாள். பசித்தவரோ ஆசைப்பட்டவரோ, கேட்ட வாய்க்கு மீன் இல்லை என்று சொன்னால் மீன் கோபித்துக்கொண்டு ஆற்றைவிட்டே போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. ஏற்கெனவே வராத மீன். அதை இன்னும் கோபப்படுத்திய பாவி என்று பேர் வாங்கவா? கொடுத்தாள். ஒருவர் கேட்டபின் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, எல்லாரும் கை நீட்டினார்கள். ஒரு பெண் நுனியைக் கடித்துவிட்டு, உப்பு என்று முகம் சுளித்து நாய்க்குப் போட்டாள். எட்வினா அடுத்த கைக்கு அடுத்த துண்டை நீட்டினாள்.

கடைசித் துண்டு கையில் இருக்கும்போது வின்ஸ்டன் உள்ளே வந்தான். படகை ஓட்டி வந்தவன், ஃபிராங்கியின் கூட்டாளி, குழி தோண்டியவர்களில் ஒருவன்.

"அண்ணி, போதும். அதையாவது எடுத்து வைங்க."

"ஒரு துண்டை வச்சு ஊருக்கு விருந்தா போடறது? விருந்து இப்பவே. உட்காரு."

"இங்கயா? ஊர்க்காரங்க யாருமில்ல, மத்த பசங்க இல்ல..."

"மீனும் இல்லடா. உட்காரு."

அவன் மிதவைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தான். வாங்கியவன் மென்றான், அழுதுகொண்டே மென்றான். பெரியவர் கேமராவைத் தூக்கினார்.

"இது என்ன சடங்கும்மா?"

டார்லா விளக்க வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் விளக்க வேணாம். கூட்டிட்டுப் போடி."

அவர்கள் போனதும் எட்வினா வழியனுப்புப் பாட்டை எடுத்தாள். முதல் அடி அவளுடையது. அடுத்த அடியைக் குழி தோண்டியவர்கள் சேர்ந்து பாட வேண்டும். வின்ஸ்டன் இரண்டு முறை முயன்றான், முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். அந்த அடியையும் எட்வினாவே பாடி ஃபிராங்கியை அனுப்பிவைத்தாள்.